ஐரோப்பிய ஒருமைப்பாடும் எளியோர் வாழ்வும்

இருபதாம் நூற்றாண்டின் பிற்கூற்றில் ஐரோப்பா எய்திய மாற்றங்களுள் தலையாயது, ஒன்றோடொன்று பொருது அழிந்த நாடுகள் ஒரு பொதுச் சட்டத்தின் கீழ்த் தாமே விரும்பி அமைந்தமையாகும். இவ்வரலாற்றை எழுதப் புகுந்தோருட் பெரும்பாலார் அமைச்சர், தூதுவர், மாநாடு, உடன்படிக்கை என்பவற்றையே நிரல்படக் கூறிச் செல்வர். சூமான், மொனே, அடனவர், டி காஸ்பெரி என்னும் பெயர்கள் மாணாக்கர் நாவில் எளிதில் நிலைத்துவிடுகின்றன. ஆயின், நிலக்கரி அகழ்ந்தவனும், ஆலையிற் பணிபுரிந்த பெண்ணும், பிழைப்புத் தேடி எல்லை கடந்த கூலியாளும், கல்லும் கரம்புமான நிலத்தை உழுத கமக்காரனும் இவ்வொருமைப்பாட்டால் எய்திய பயன் யாது என்னும் வினா அத்துணை எளிதில் விடை பெறுவதன்று. அகன்ற சந்தை பெருவணிகர்க்கும் கைத்தொழில் முதல்வர்க்கும் நலந் தரும் என்பதை எவரும் ஒப்புவர். எளியோர்க்கும் வறிய பிரதேசங்களுக்கும் அது நலந் தந்ததா? தந்ததெனின் எவ்வழியால் தந்தது? இவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1950 ஆம் ஆண்டு மே மாதம் 9 ஆம் நாள் பிரெஞ்சு வெளிநாட்டமைச்சர் இறொபேர் சூமான், பிரான்சினதும் யேர்மனியினதும் நிலக்கரியையும் உருக்கையும் ஒரு பொது அதிகாரத்தின் கீழ்க் கொணர்தல் வேண்டும் என அறிவித்தார். திட்டத்தை வகுத்தவர் சான் மொனே. இருவரும் முதன்மையாகக் கருதியது போரைத் தவிர்த்தலே. படைக்கலத்துக்கு உருக்கும், உருக்குக்கு நிலக்கரியும் இன்றியமையாதனவாதலின், அவையிரண்டும் பொதுவாயின் ஒரு நாடு மற்றதறியாமற் போருக்கு ஆயத்தஞ் செய்தல் இயலாதென்பது அவர்தம் கணிப்பு. 1951 ஏப்பிரில் 18 இல் பிரான்சு, மேற்கு யேர்மனி, இத்தாலி, பெல்சியம், நெதர்லாந்து, லக்சம்பேர்க் ஆகிய ஆறு நாடுகள் பாரிசில் ஒப்பமிட்ட உடன்படிக்கை 1952 இல் நடைமுறைக்கு வந்தது. எளியோர் நலம் இதன் முகப்பில் நிற்கவில்லை, உள்ளறையில் இருந்தது. உடன்படிக்கையின் 56 ஆம் உறுப்புரை, புதிய சந்தை நிலைமைகளாலும் தொழில்நுட்ப மாற்றங்களாலும் வேலை இழக்கும் தொழிலாளர்க்கு வேறு தொழில் பயிற்றவும், அதுகாறும் படி வழங்கவும், இடம்பெயரின் அதற்காகும் செலவைக் கொடுக்கவும் இடமளித்தது. இதற்கு வேண்டிய பணம் நிலக்கரி உருக்கு உற்பத்திமீது விதிக்கப்பட்ட சிறு வரியினின்றும் பெறப்பட்டது. ஐரோப்பா முழுமைக்குமெனப் பொதுவில் இறுக்கப்பட்ட முதல் வரி இதுவேயாம். நாட்டரசு தன் பங்காக ஈடான தொகையை இடுதல் வேண்டும் என்பதும் விதி.

இவ்விதியின் பெறுமதியை உணர்தற்கு, அதற்கு முன்னிருந்த நிலையை நோக்குதல் வேண்டும். போர் முடிந்தபின் இத்தாலியில் ஆட்கள் மிகுந்தனர்; நிலக்கரி இல்லை. பெல்சியத்தில் நிலக்கரி மிகுதி. அதனை அகழ்தற்கு உள்நாட்டவர் முன்வந்திலர். எனவே 1946 யூன் மாதத்தில் இரு அரசுகளும் ஓர் ஒப்பந்தஞ் செய்தன. இத்தாலி 50,000 ஆட்களை அனுப்பும். பெல்சியம் இத்தாலிக்கு நிலக்கரி விற்கும். வெளிப்படையாகக் கூறின், இது ஆளுக்குக் கரி என்னும் பண்டமாற்றே. தென்னித்தாலியினின்றும் புகையிரதமேறிச் சென்றவருட் பலர், போர்க்காலத்திற் கைதிகளை அடைத்துவைத்த கொட்டில்களில் குடியேற்றப்பட்டனர். சுரங்கத்தை வெறுத்து வேறு தொழில் புக விழைந்தார்க்கு அதற்கான அனுமதி எளிதிற் கிடைப்பதன்று. 1956 ஓகத்து 8 இல் சார்லெருவா நகருக்கு அண்மையிலுள்ள மார்சினெல் என்னும் ஊரின் சுரங்கத்தில் தீ மூண்டது. 262 பேர் மாண்டனர். அவருள் 136 பேர் இத்தாலியர். இத்தாலி தன் மக்களை அச்சுரங்கங்களுக்கு அனுப்புவதை நிறுத்திற்று. நிலக்கரி உருக்குச் சமூகத்தின் உயர் அதிகாரசபை உடனே ஆறு நாட்டு அரசினரையும் தொழிலதிபரையும் தொழிற்சங்கத்தாரையும் ஒரு மாநாட்டுக்கு அழைத்தது. அடுத்த ஆண்டில் சுரங்கப் பாதுகாப்புக்கென நிலையான ஓர் ஆணைக்குழுவும் அமைந்தது. ஆணைக்குழு மாண்டாரை மீட்பதில்லை. எனினும், ஒரு நாட்டுச் சுரங்கத்தில் அயல் நாட்டார் இறந்தால் அது அவ்விரு நாட்டாரிடையே மட்டும் பேசித் தீர்க்கும் செய்தியாய் இராது, ஆறு நாட்டார்க்கும் பொதுவான பொறுப்பாயிற்று.

அவ்வாண்டுகளிலேயே கல்லெண்ணெயின் வரவால் நிலக்கரி விலை வீழ்ந்தது. பெல்சியத்தின் பொரினாஜ் பகுதிச் சுரங்கங்கள் பழையன, ஆழமானவை, செலவு மிக்கவை. 1953 முதல் யேர்மன், நெதர்லாந்துச் சுரங்கங்கள் இறுத்த பணத்தைக் கொண்டு அவை தாங்கப்பட்டன என்பது பலர் அறியாத செய்தி. அத்தாங்குதலும் 1958 உடன் முடிந்தது. 1959 பெப்பிரவரியில் பொரினாஜ் முழுவதும் வேலைநிறுத்தத்தால் முடங்கிற்று. சுரங்கங்கள் மூடப்படுவதை ஐரோப்பியச் சமூகம் தடுக்கவில்லை, தடுத்திருத்தலும் அறிவுடைமையாகாது. மூடுவதால் வந்த துன்பத்தின் ஒரு கூற்றையே அது ஏற்றது. வேலையிழந்தார்க்குப் படியும் பயிற்சியும் கிடைத்தன. சுரங்கத்தார்க்கும் உருக்காலையார்க்கும் குறைந்த வட்டிக் கடனிற் பல்லாயிரம் வீடுகள் ஆறு நாடுகளிலும் எழுந்தன. முப்பதுகளின் பொருளாதார மந்தத்தில் ஆலை மூடப்பட்ட ஊர்களின் கதியை அறிந்தவர்க்கு, இவ்வேறுபாடு சிறியதாய்த் தோன்றாது.

1957 மார்ச்சு 25 இல் உரோமிற் கைச்சாத்தான உடன்படிக்கை பொதுச்சந்தையை நிறுவிற்று. தொழிலாளர் எல்லை கடந்து வேலை செய்யும் உரிமை இதனுட் புகுந்தமைக்கு இத்தாலியின் விடாப்பிடியே காரணம். பண்டமும் பணமும் தடையின்றிச் செல்லலாமெனின் உழைப்பை அன்றி வேறொன்றும் விற்கவியலாத தென்னாட்டான் ஏன் செல்லலாகாது என்பது அதன் வாதம். 1958 இலேயே, அச்சமூகம் இயற்றிய மூன்றாவது பிரமாணமாக, இடம்பெயர் தொழிலாளரின் சமூகக் காப்புப் பற்றிய சட்டம் வெளிவந்தது. பெயர் வறண்டது, பொருளோ பெரிது. சிசிலியிற் பிறந்து, பெல்சியத்திற் பத்தாண்டும் யேர்மனியிற் பன்னிரண்டாண்டும் உழைத்து, முதுமையில் ஊர் திரும்பும் ஒருவனைக் கருதுக. தனித்தனி நாட்டுச் சட்டப்படி, ஓய்வூதியம் பெறுதற்கு வேண்டிய ஆண்டுகள் இரு நாட்டிலும் நிறைவுறாமையின் அவன் இரண்டிடத்தும் வெறுங்கையனாய் நிற்றலும் கூடும். புதிய பிரமாணமோ எல்லா நாட்டு ஆண்டுகளையும் கூட்டிக் கணக்கிட்டு, நாடுதோறும் அதனதன் பங்கை இறுக்கச் செய்தது. அப்பணம் அவன் ஊர் தேடி வரவும் வழிவகுத்தது. 1968 இல் வந்த மற்றொரு பிரமாணம், வேலையிலும் வேதனத்திலும் வீட்டு வசதியிலும் உள்நாட்டானுக்கும் ஏனை உறுப்பு நாட்டானுக்கும் வேற்றுமை காட்டலாகாது என விதித்தது. 1946 இல் கரிக்கு மாற்றாக அனுப்பப்பட்டவனின் மகன், 1968 இல் உரிமையோடு சென்றான்.

இங்ஙனமே போர்த்துக்கலையும் நோக்கலாம். அறுபதுகளில் அந்நாட்டு ஏழைகள் இரவோடிரவாகப் பிரனீசு மலையைக் கள்ளத்தனமாய்க் கடந்து பிரான்சு சேர்ந்தனர். பாரிசின் புறத்தே சாம்பினி என்னுமிடத்திற் சேற்றிலே தகரக் கொட்டிலிட்டு வாழ்ந்தனர். 1986 இல் போர்த்துக்கல் அங்கத்துவம் பெற்றபின், சில ஆண்டு இடைக்காலங் கழித்து, அவர்தம் சுற்றத்தார் பகலில், கைப்பெட்டியோடு, அதே எல்லையைக் கடந்தனர். 1992 இல் கைச்சாத்தாகி 1993 இல் நடைமுறைக்கு வந்த மாஸ்திரிக் உடன்படிக்கை, ஒன்றியப் பிரசாவுரிமை என்பதை ஏற்படுத்தி, வாழுமிடத்து உள்ளூராட்சித் தேர்தலில் வாக்களிக்கும் உரிமையையும் அன்னார்க்கு வழங்கிற்று. இவ்வுரிமையின் பயனை எம்மவரும் நுகர்ந்தனர் என்பதை இடைப்பிறவரலாகக் கூறலாம். போர்க்காலத்தில் இந்நாட்டை நீங்கி நெதர்லாந்திலும் தென்மார்க்கிலும் யேர்மனியிலும் பிரசாவுரிமை பெற்ற தமிழ்க் குடும்பங்களுட் பல, பிள்ளைகளின் ஆங்கிலக் கல்வியையும் உறவினர் அண்மையையும் கருதி, எவரது அனுமதியையும் வேண்டாது பிரித்தானியாவிற் குடியேறியமை இச்சட்டத்தின் வலியாலேயாம். அவ்வழி 2020 ஆம் ஆண்டு முடிவோடு அடைபட்டது.

இனி, பெண்டிர் பெற்ற பயனைக் கூறுவாம். உரோம் உடன்படிக்கையின் 119 ஆம் உறுப்புரை, ஒத்த வேலைக்கு ஆடவர்க்கும் பெண்டிர்க்கும் ஒத்த வேதனம் என விதித்தது. இது பெண்டிர்மீது கொண்ட பரிவினால் எழுதப்பட்டதன்று. பிரான்சில் முன்னரே சம வேதனச் சட்டம் இருந்தமையின், ஏனை நாட்டு நெசவாலைகள் பெண்களைக் குறைந்த கூலிக்கு அமர்த்தித் தம் சரக்கை மலிவாக விற்றுத் தன் ஆலைகளை வீழ்த்திவிடும் எனப் பிரான்சு அஞ்சியது. முதலாளியின் அச்சத்திற் பிறந்த விதி, பின்னர்த் தொழிலாளியின் படைக்கலமாயிற்று. வரலாற்றில் இத்தகைய முரண்கள் அரியனவல்ல. உறுப்பு நாட்டரசுகள் அதனை ஏட்டளவிலேயே வைத்திருந்தன. 1966 பெப்பிரவரியில், பெல்சியத்தின் ஹெர்ஸ்தால் என்னும் ஊரின் படைக்கல ஆலையிற் பணிபுரிந்த ஏறக்குறைய 3,000 பெண்கள் வேலைநிறுத்தஞ் செய்தனர். மூன்று மாத அளவு நீடித்த அப்போராட்டத்தில், அவர்கள் தம் கோரிக்கைக்கு ஆதாரமாக எடுத்துக்காட்டியது அந்த 119 ஆம் உறுப்புரையையே. எண்ணெயும் உலோகத்தூளும் படிந்த மேலாடையோடு பொறிகளின் நடுவே நின்று உழைத்த பெண்கள் ஒரு சர்வதேச உடன்படிக்கையின் உறுப்புரையை இலக்கமிட்டுச் சொன்னமை எண்ணுந்தோறும் வியப்பளிப்பதாகும்.

அதே நாட்டிற் கப்ரியேல் டெவ்றென் என்னும் விமானப் பணிப்பெண், சபேனா விமானக் கம்பனியில் ஒத்த பணி செய்த ஆடவரினும் குறைந்த வேதனம் பெற்றவர். ஆடவர்க்கில்லாத விதியொன்றால் 40 வயதிற் பணியினின்றும் நீக்கப்பட்டவர். அவருக்காக எலியான் வொகெல்-பொல்ஸ்கி என்னும் பெண் சட்டத்தரணி தொடுத்த வழக்கு லக்சம்பேர்க்கிலுள்ள ஐரோப்பிய நீதிமன்றத்தை அடைந்தது. 1976 ஏப்பிரில் 8 இல், 119 ஆம் உறுப்புரையைக் குடிமகள் எவளும் தன் நாட்டு நீதிமன்றத்தில் நேரே எடுத்துரைத்து உரிமை பெறலாம் என அந்நீதிமன்றந் தீர்த்தது. பழைய நிலுவைகள் யாவும் இறுக்கப்படவேண்டின் கம்பனிகள் முறியும் என அரசுகள் முறையிட்டமையால், முன்னரே வழக்கிட்டார்க்கன்றி ஏனையோர்க்குத் தீர்ப்புக்கு முந்திய காலத்துக்கு அதன் பயன் செல்லாது என்றும் வரையறுத்தது. இவ்வரையறை நீதியன்று என்பது எம் கருத்து. ஆயினும் வழி திறந்துவிட்டது. அவ்வாண்டிலேயே அயர்லாந்து அரசு, பொருளாதார நெருக்கடியைக் காரணங்காட்டிச் சம வேதனத்தைப் பிற்போட அனுமதி கேட்டது. ஆணைக்குழு மறுத்துவிட்டது. திருமணஞ் செய்த பெண் அரசுப்பணியை விட்டு நீங்குதல் வேண்டும் என்னும் விதி 1973 வரை நிலவிய நாடு அது என்பதை நினைவுகூர்வோர், அம்மறுப்பின் பயனை அறிவர்.

நேரே எடுத்துரைக்கலாம் என்னும் அவ்விதியின் வரலாறு பதின்மூன்றாண்டு முந்தியது. 1963 இல், யேர்மனியினின்றும் இரசாயனப் பண்டம் இறக்கிய நெதர்லாந்துப் போக்குவரத்துக் கம்பனியொன்று, உடன்படிக்கைக்கு மாறாகத் தன்னிடம் உயர்ந்த தீர்வை அறவிடப்பட்டதென வழக்காடிய பொழுதே, உடன்படிக்கை அரசுகளுக்கிடைப்பட்ட ஒப்பந்தம் மட்டுமன்று, குடிமக்கட்கும் உரிமை தருவது என நீதிமன்றம் முதன்முதல் உரைத்தது. வேறு சர்வதேச அமைப்புக்களினின்றும் ஐரோப்பியச் சமூகத்தைப் பிரிக்கும் எல்லைக்கோடு இதுவேயாம். அரசுகள் மனம்வைத்தாலன்றிப் பயன்படாத உரிமை எளியோர்க்குப் பயன்படுவதன்று. பிற்காலத்தில் வந்த விமானத் தாமதத்துக்கான இழப்பீடு, வெளிநாட்டிற் செல்லுபடியாகும் மருத்துவ அட்டை, 2017 இல் கைத்தொலைபேசியின் பிறநாட்டு மேலதிகக் கட்டணம் நீக்கப்பட்டமை ஆகியவற்றைச் செய்தித்தாள்கள் மிகப் பாராட்டின. அவை நல்லனவே, எனினும் விமானத்தில் ஏறுவோர்க்கே அவை முதலிற் பயன்படும்.

தனியாள் உரிமை ஒருபுறமிருக்க, வறிய பிரதேசங்களின் நிலை யாது? தடையற்ற சந்தையில் முதலும் திறமையும் முன்னரே செழித்த இடங்களை நோக்கி ஓடும் இயல்பின. றைன் ஆற்றுக் கரைக்கும் கலாப்ரியாவின் மலைச்சாரலுக்கும் ஒரே சந்தை அமையின், ஆலை எங்கே எழும் என்பதைக் கூற அறிஞர் வேண்டுவதில்லை. இதனை உணர்ந்தே உரோம் உடன்படிக்கையின் முகவுரை, பிரதேசங்களுக்கிடையேயுள்ள வேறுபாட்டைக் குறைத்தலையும் பின்தங்கியவற்றை முன்னேற்றலையும் குறிப்பிட்டது. ஆயின் நெடுங்காலம் இது சொல்லளவில் நின்றது. 1973 இல் பிரித்தானியாவும் அயர்லாந்தும் தென்மார்க்கும் சேர்ந்தபின்னரே, 1975 இற் பிரதேச அபிவிருத்தி நிதியம் தோன்றிற்று. முதல் மூன்றாண்டுக்கு 130 கோடிக் கணக்கலகு ஒதுக்கப்பட்டு, அதில் நூற்றுக்கு 40 இத்தாலிக்கும் 28 பிரித்தானியாவுக்கும் எனப் பங்கிடப்பட்டது. உறுப்பரசுகள் இப்பணத்தைப் பெற்றுத் தாம் முன்னர்ச் செலவிட்ட தொகையை அவ்வளவிற் குறைத்துக்கொண்டமையால், வறிய ஊருக்குப் புதிதாய் வந்தது யாதுமில்லை எனக் கூறத்தக்க நிலையும் பலவிடத்து இருந்தது.

இதனைத் திருத்தியது 1988 ஆம் ஆண்டுச் சீர்திருத்தம். ஸ்பெயினும் போர்த்துக்கலும் சேர்ந்தபின், ஒரே சந்தையை 1992 முடிவுக்குள் நிறைவுசெய்ய முனைந்த ஆணைக்குழுத் தலைவர் சாக் டெலோர், சந்தையால் தாக்குறும் வறியார்க்கு ஈடு செய்யாது அது நிலைபெறாதென வாதித்தார். நிதி இரட்டிக்கப்பட்டது. தலைக்குரிய வருமானம் சமூகச் சராசரியில் நூற்றுக்கு 75 இற்குக் குறைந்த பிரதேசங்களுக்கு முதலிடம். ஆண்டுதோறும் இரந்து பெறுவதற்கு மாறாகப் பல்லாண்டுத் திட்டம். உள்ளூராட்சியாரையும் சேர்த்தே திட்டமிடல். அரசின் சொந்தச் செலவுக்கு மேலதிகமாகவே ஐரோப்பியப் பணம் அமைதல் ஆகியன அதன் விதிகள். இறுதியிற் கூறியதை ஆணைக்குழு விளையாட்டாகக் கொள்ளவில்லை. நிலக்கரிப் பிரதேசங்களுக்கு ஒதுக்கிய பணத்தைப் பிரித்தானிய அரசு தன் செலவுக்கு ஈடாக்க முயன்றபொழுது, அதற்குப் பொறுப்பான ஆணையாளர் புறூஸ் மில்லன், தாமே ஸ்கொத்லாந்தினராய் இருந்தும், பணத்தை நிறுத்திவைத்தார். 1992 தொடக்கத்தில் அரசு இணங்கிய பின்னரே விடுவித்தார். தன் நாட்டு அரசிடம் பெறமுடியாததைச் சுரங்க ஊர்கள் பிரசெல்சின் வழியாகப் பெற்றன.

இப்பணம் பயன்பட்டதா என்பதற்கு இரு பிரதேசங்களை ஒப்புநோக்கல் தகும். அயர்லாந்துக் குடியரசின் 26 மாவட்டங்களில் 1841 இல் 65 இலட்சம் மக்கள் வாழ்ந்தனர். பஞ்சமும் புலப்பெயர்வும் தின்றன போக, 1961 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில் எஞ்சியோர் 28 இலட்சம். ஐம்பதுகளில் மட்டும் ஏறக்குறைய 4 இலட்சம் பேர் நாட்டை நீங்கினர். 1973 இற் சேர்ந்தபொழுது அவர்தம் வருமானம் சமூகச் சராசரியில் ஏறக்குறைய நூற்றுக்கு 60. ஏற்றுமதியிற் பாதிக்கு மேற்பட்டது பிரித்தானியாவுக்கே சென்றது. முதற்பயன் கமக்காரர்க்கு வந்தது. பொதுக் கமத்தொழிற் கொள்கை பாலுக்கும் இறைச்சிக்கும் உயர்ந்த விலையை உறுதிசெய்தது. ஆயினும் நாடு அதனால் உடனே உயர்ந்துவிடவில்லை. அரசு கடன்பட்டுச் செலவிட்டது. 1987 அளவில் உழைப்போரில் நூற்றுக்கு 17 பேர் வேலையற்றிருந்தனர். இளைஞர் மீண்டும் கப்பலேறினர். சேர்ந்து பதினான்காண்டு கழிந்தும் இந்நிலையெனின், ஒன்றியமே செல்வந் தருமென்பார் கூற்று ஆராயாது கொள்ளத்தக்கதன்று. திருப்பம் தொண்ணூறுகளில் வந்தது. 1967 முதல் நடைபெற்ற இலவச இடைநிலைக் கல்வி ஒரு தலைமுறையை ஆயத்தஞ் செய்திருந்தது. ஐரோப்பியச் சமூக நிதியம் தொழில்நுட்பக் கல்லூரிகளிற் பயில்வோர்க்கு ஆண்டுதோறும் பொருளுதவிற்று. தெருக்களும் துறைமுகங்களும் செப்பமுற்றன. தடையற்ற ஐரோப்பியச் சந்தையை நாடிய அமெரிக்கக் கம்பனிகள், குறைந்த வரியும் ஆங்கிலங் கற்ற இளைஞரும் உள்ள அந்நாட்டில் ஆலையமைத்தன. இவற்றுள் எதனையும் தனித்துக் காரணமெனக் கூறல் பொருந்தாது. கம்பனிகளின் இலாபம் கணக்கிற் கலப்பதால் அயர்லாந்தின் வருமானப் புள்ளிகள் மிகைபடத் தோற்றுவன என்பதும் உண்மை. அதனைக் கழித்து நோக்கினும், ஆட்களை ஏற்றுமதி செய்த நாடு ஆட்களை வரவேற்கும் நாடாயிற்று. 2010 இல் வங்கிகள் சரிந்து அயலார் கடனை வேண்டி நின்ற காலத்தும் அந்நிலை முற்றாக அழிந்திலது.

மற்றையது தென்னித்தாலி. இத்தாலிய அரசு 1950 இற் கசா என்னும் தென்னாட்டு நிதியத்தை நிறுவி 1984 வரை பெரும்பொருள் செலவிட்டது; 1958 இல் தோன்றிய ஐரோப்பிய முதலீட்டு வங்கியின் தொடக்ககாலக் கடன்களிலும் மிகப் பெரும்பங்கு அங்கேயே சென்றது. அணைகளும் தெருக்களும் குடிநீரும் வந்தன; மலேரியா ஒழிந்தது; இவற்றை இகழ்தல் தகாது. ஆயின் தரந்தோ போன்ற இடங்களில் எழுந்த பேராலைகள் சுற்றுப்புறத்தே சிறு தொழில்களைப் பிறப்பிக்கவில்லை. இத்தாலியரே அவற்றைப் பாலைவனத்துப் பேராலயங்கள் என நகையாடினர். ஐரோப்பிய நிதியோ பலவிடத்துச் செலவிடப்படாது கிடந்தது, அல்லது கட்சிக்காரரும் கள்ளர் குழாமும் பங்கிடும் பொருளாயிற்று. தென்பகுதியின் தலைக்குரிய வருமானம் இன்றும் வடபகுதியினதன் பாதியினும் சிறிது கூடியதே. ஆயினும் தென்பகுதி முழுவதையும் ஒரு தட்டில் இடுதல் கூடாது. அப்ருத்சோ என்னும் பிரதேசம் 75 என்னும் எல்லையைக் கடந்து தொண்ணூறுகளிலேயே சிறப்புதவியை விட்டு நீங்கிற்று. அதே சட்டமும் அதே நாணயமும் உடைய கலாப்ரியா அங்ஙனஞ் செய்திலது. கல்வி, நேர்மையான உள்ளூராட்சி, முதலை ஈர்க்கும் அமைதி என்பன பிரசெல்சினின்றும் இறக்குமதி செய்யத்தக்கன அல்ல. நீர் ஒன்றாயினும் நிலத்தின் பதம் வேறாயின் விளைவும் வேறேயாம்.

கிரேக்க நாட்டின் வடபகுதியை ஊடறுக்கும் எக்னாத்தியா நெடுஞ்சாலை, லிஸ்பனில் 1998 இல் திறக்கப்பட்ட வாஸ்கோ ட காமா பாலம் முதலியவற்றை இங்கு விரித்தல் வேண்டா. பாலத்தாலும் சாலையாலும் வரும் வளம் அரசின் கடனால் வரும் கேட்டைத் தடுக்கமாட்டாது என்பதைக் கிரேக்கர் 2010 இற்குப் பின் அனுபவித்தனர். 2013 இல் நூற்றுக்கு 27 பேர் வேலையற்றிருந்தனர். பொதுநாணயம் உடைய ஒன்றியம் அப்பொழுது அவ்வெளியோரிடத்துக் காட்டிய கடுமை அதன் வரலாற்றில் ஒரு மறு. கமத்தொழிற் கொள்கைக்கும் ஒரு குறையுண்டு. நிலத்தின் அளவுக்கேற்ப உதவி வழங்குவதால், அதன் பெரும்பகுதி பெருநிலக்காரரையே சேர்கின்றது. உதவி பெறுவோருள் ஐந்திலொரு பங்கினர் பணத்தில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கைக் கொள்கின்றனர் என்பது ஒன்றியத்தின் கணக்கே காட்டும் உண்மை.

2004 மே முதலாந் திகதி பத்து நாடுகள் சேர்ந்தன. போலந்தின் தலைக்குரிய வருமானம் அப்பொழுது ஒன்றியச் சராசரியின் பாதியளவு. இருபதாண்டில் அது நூற்றுக்கு 75 ஐக் கடந்துவிட்டது. யேர்மனியர் வந்து தம் நிலத்தை வாங்கிவிடுவர் என அஞ்சிய போலந்துச் சிறு கமக்காரர், ஆண்டுதோறும் நேரே உதவி பெறுவோராயினர். ஆயின் சுதந்திரமாக இடம்பெயரும் உரிமைக்கு மற்றொரு முகமும் உண்டு. லத்வியாவின் மக்கட்டொகை 2000 இல் 24 இலட்சத்தை அண்மியிருந்தது. 2021 இல் அது 19 இலட்சமே. பிறப்புக் குறைந்தமையும் இதற்கோர் ஏதுவாயினும், இளையோர் மேற்கு நோக்கிச் சென்றமை பெரியதோர் ஏது. சென்றவர்க்கு நன்மை, எஞ்சிய முதியோர்க்கும் மூடப்பட்ட பாடசாலைக்கும் அது நன்மையெனக் கூறுதல் அரிது. தனியாளுக்கு நலந்தரும் உரிமை அவன் ஊருக்கு நலந்தராது போதலைப் பொதுநிதி ஒன்றாலேயே ஓரளவு ஈடுசெய்யலாம். அந்நிதியோ மிகச் சிறிது. ஒன்றியத்தின் முழு வரவுசெலவும் உறுப்பு நாடுகளின் மொத்த வருமானத்தில் ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்றே. அதில் மூன்றிலொரு பங்கே பின்தங்கிய பிரதேசங்களுக்குரியது. 2020 இற் கொள்ளைநோய்க் காலத்தில், ஒன்றியம் பொதுவிற் கடன் திரட்டி 75,000 கோடி யூரோவுக்கு மீட்பு நிதி அமைத்து, அதில் மிகப் பெரும்பங்கை இத்தாலிக்கு ஒதுக்கியமை, பத்தாண்டு முன் கிரேக்கரிடத்து நடந்துகொண்ட முறையினின்றும் பெரிதும் விலகியதாகும்.

உதவி பெற்றோர் அதனை உணர்ந்தனரா என்பது வேறு வினா. தென் வேல்சிலுள்ள எப்பு வேல் என்னும் ஊரின் உருக்காலை 2002 இல் மூடப்பட்டது. மேற்கு வேல்சும் அதன் பள்ளத்தாக்குகளும், இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியிலுள்ள கோண்வால் மாவட்டமும், 2000 ஆம் ஆண்டு முதல் ஒன்றியத்தின் மிக வறிய பிரதேசங்களுக்குரிய முதற்றர உதவியைப் பெற்றன. தெருக்களும் தொழிற்பயிற்சிக் கூடங்களும் எழுந்தன. பல்கலைக்கழகமே இல்லாதிருந்த கோண்வாலில் ஐரோப்பியப் பணத்தின் துணையோடு உயர்கல்வி வளாகம் அமைந்தது. 2016 யூன் 23 இல் நடந்த சர்வசன வாக்கெடுப்பில் கோண்வாலில் நூற்றுக்கு 56 இற்கு மேற்பட்டோரும், எப்பு வேல் அடங்கிய பிளைனவ் குவென்டில் 62 பேரும் ஒன்றியத்தை விட்டு நீங்குமாறு வாக்களித்தனர். இதனை நன்றியின்மை என்பார் உளர். யாம் அங்ஙனங் கருதுகின்றிலேம். ஆலையில் உழைத்து வீட்டுக்குக் கொணர்ந்த கூலியை, தெருவோரத்தில் நட்ட நீலப் பலகை ஈடுசெய்வதில்லை. முப்பதாண்டு வேலையின்றிக் கிடந்த ஊரில் தெரு அகன்றதெனின், அத்தெருவழியே பிள்ளைகள் ஊரைவிட்டு நீங்குவர் என்பதே ஊரார் கண்டது. 1952 இன் நிலக்கரி உருக்குச் சமூகம் வேலையிழந்தவனின் பெயரறிந்து அவன் கையிலே படி கொடுத்தது. பிற்கால நிதியம் பிரதேசத்துக்குக் கொடுத்தது, ஆளுக்குக் கொடுக்கவில்லை.

பிரித்தானியா 2020 சனவரி 31 இல் நீங்கிற்று. ஐரோப்பிய நிதிக்கு மாற்றாக 2022 இல் இலண்டன் அரசு ஒரு நிதியத்தை அமைத்தது. தொகை குறைவென்றும், பங்கிடும் அதிகாரம் தம்மைக் கடந்து இலண்டனுக்குச் சென்றுவிட்டதென்றும் வேல்சு அரசு முறையிட்டது. பல்லாண்டுக்கு முன்னரே தொகையை உறுதிசெய்து, உள்ளூராரையும் அமர்த்தித் திட்டமிட வேண்டும் என்ற 1988 ஆம் ஆண்டு விதிகளை எடுத்துக்காட்டி வாதிட அவர்க்கு இப்பொழுது நீதிமன்றமும் இல்லை, புறூஸ் மில்லனைப் போன்ற ஆணையாளரும் இல்லை.